வடிகால்

நீடாமங்கலம் கேட் மூடினால்
என் கடையில் ஜூஸ் ஓடும்.
கொல்லிமலை லாரியில் வந்த அன்னாசியைச் சீவி
கொண்டைகளை மாட்டுக்கு எறிவேன்.

ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள்
கேட் கீப்பர் வேதவல்லி.
"இது களிமண்ணும்மா.
தண்ணி நின்னா நாலே நாளில்
குருத்து அழுகிடும்" என்றேன்.

பெயிண்ட் வாளி, அடியில் ஆறு ஓட்டை.
தண்டவாள ஓரத்துச் சரளை ஒரு பிடி.
தம்பி பைக்கில் கொண்டுவந்த
வல்லத்துச் செம்மண்.
பாதி வெயில், பாதி தென்னை நிழல்.

ஆனியில் மேட்டூர் திறந்தார்கள்.
ஊரே பாலத்தில் நின்று
வெண்ணாற்றுக்குப் பூத்தூவியது.
ஐப்பசியில்
நாற்று முங்கி, சாலை முங்கி,
வாளி மட்டும்
அவள் கேபின் கூரைமேல்.

தண்ணீருக்குப் பயந்த செடியை
இந்த ஊரில்
அப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டு ஐப்பசி போயிற்று.
ஊதாப் பூ உதிர்ந்து
கைமுட்டி அளவு ஒரு காய்,
பழுத்தும் பச்சை மாறாமல்.

டூட்டி முடித்து வந்து நீட்டினாள்.
நறுக்கினேன்.
பல் கூசும் புளிப்பு.
உப்புகூடக் கேட்காமல்
ஒரு கண்ணை மூடித் தின்றாள்.

கொண்டையை எடுக்கக்
கை நீட்டினாள்.
நான் கொடுக்கவில்லை.

ஆணி தேடிக்கொண்டிருக்கிறேன்,
கல்லாவுக்கு அடியில்
ஒரு காலி வாளி கிடக்கிறது.