பதினோரு துடிப்பு

கொண்டை ஊசிகள் ஒன்பது.
மைமு ஒவ்வொன்றாக உருவித் தட்டில் போட்டாள்.
காந்தத்துக்குள் இரும்பு கூடாது என்றிருந்தேன்.
மோதிரம் மட்டும் கழலவில்லை.
முப்பது வருடமாகக் கழலவில்லை என்றாள்.
தங்கம்தானே, இருக்கட்டும் என்றேன்.

தார்த்து நகரத்து டிசம்பர்.
மூன்றரை மணிக்கே ஜன்னலில் இருட்டு அப்பிக்கிடந்தது.
ஆறு ஓரங்களில் மட்டும் உறைந்திருந்தது;
நடுவில் கறுப்பாக ஓடியது,
யாருக்கோ பதில் சொல்லப் போகிறதுபோல.

வயது அறுபத்து மூன்று.
சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை.
ஆபத்தைக் கூட்டிப் பார்க்கும் அட்டையில் பூஜ்யம்.
இதயம் மட்டும் தாளம் தப்பி இரண்டு வருடம்.
ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேண்டுமா வேண்டாமா
அட்டைக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை.
மைமுவுக்குத் தெரிந்திருந்தது: வேண்டாம்.
அவள் தங்கை அந்த மாத்திரையோடு
பனியில் வழுக்கி விழுந்தவள்.
மண்டைக்குள் கசிந்தது நிற்கவே இல்லை.

இயந்திரம் இடிக்கத் தொடங்கியது.
ஒரு துடிப்புக்குக் காத்திருந்து
அந்தத் துடிப்பில் படம் பிடிப்பது அதன் வேலை.
இவள் துடிப்போ
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராது,
அப்புறம் இரண்டாகச் சேர்ந்து வரும்.
இருபது நிமிடம் நாற்பதானது.
குழலுக்குள்ளிருந்து ஒருமுறை கேட்டாள்,
தூங்கலாமா?

ரத்தத்துக்கு நிறம் கொடுப்பது நான்தான்.
விரைந்தால் சிவப்பு. தயங்கினால் மஞ்சள்.
நின்றால் நீலம்.
நுரையீரலிலிருந்து நான்கு வழியாக வந்து
மேலறையில் ஒரு சுற்றுச் சுற்றி
வாசல் திறந்ததும் கீழே பாய்கிறது.
எல்லாமே பாய்வதில்லை.
இடப்பக்கம் ஒரு சின்னப் பை,
நாய்க்குட்டியின் காதுபோல மடிந்தது,
பெயரும் செவிதான்.
எதையும் கேட்காத செவி.
உள்ளே போன ரத்தம் அங்கேயே உறைகிறது:
தங்குகிறது என்ற பொருளில்,
இன்னும்
அந்தப் பொருளில் மட்டும்.

எழுந்து வந்தவள் திரையைப் பார்த்துவிட்டாள்.
காட்டக் கூடாது. மூட மறந்திருந்தேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு
வால்கா இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருடம் என்றாள்.
கிறிஸ்துமஸ் வந்தால் ரத்தத் தொத்திறைச்சி.
பன்றி ரத்தம் வாளியில் விழும்போதே
முழங்கை வரை விட்டுக் கிண்ட வேண்டும்.
மூக்கு அரித்தாலும் நிறுத்தக் கூடாது.
விரல்களில் நூல் நூலாகச் சுற்றும்,
அதை உதறி எறிந்துவிட்டால் அப்புறம் உறையாது.
ஒருநாள் ஃபோர்மன் கூப்பிட்டானென்று திரும்பினேன்,
ஒரு வாளி போச்சு.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

நீலத்தின்மேல் விரலை வைத்தாள்.
இங்கே யார் கிண்டுகிறது?

திரையில் கைரேகை விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

ஒரு சொட்டு உள்ளே போனால்
எவ்வளவு நேரம் இருக்கும்?
பதினோரு துடிப்பு என்றேன்.
உங்கள் துடிப்பு ஒரே அளவில்லை,
அதனால் கணக்கும் அவ்வளவு சுத்தமில்லை.
கட்டியாகுமா?
படம் அதைச் சொல்லாது,
நிற்கிறது என்று மட்டும்தான் சொல்லும்.
நின்றால் என்ன ஆகும் என்று
படமா வந்து சொல்ல வேண்டும்,
என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

டாக்டருக்கு ஒரு வரி எழுதினேன்:
இடது செவியில் மந்தமான ஓட்டம்.
அவர் என்ன சொன்னார், இவள் என்ன செய்தாள்
என்பதெல்லாம் என் அறைக்குத் திரும்பி வராத செய்தி.

தட்டில் ஒரு ஊசி மிச்சமிருந்தது.
ஸ்வெட்டரோடு கீழே ஓடினேன்.
நிறுத்தத்தில் தனியாக,
ஆணி பதித்த அடிப்பட்டைகளைச் செருப்பில் கட்டிக்கொண்டு,
கம்பியை ஒரு கையால் பிடித்தபடி
கால் மாற்றிக் கால் மாற்றி
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.

ஊசியை வாங்கிக்கொண்டு,
பஸ் லேட் என்றாள்.