இரண்டு கல்

ரோட்டர்டாமில் எங்கள் தெரு
கடலைவிடத் தாழ்வு.
மழைநீர் போக்கிடம் இல்லாமல்
வாசற்படி வரை வந்து நிற்கும்,
வட்டிக்காரனைப் போல.

சனிக்கிழமை, தெருவோரக் கற்களைப் பெயர்த்தோம்.
நகராட்சி தந்தது ஒரு லாரி, எட்டுக் கடப்பாரை.
மீதி நாங்கள்:
துறைமுகத்தில் இரவு வேலை முடித்துத்
தூங்காமல் வந்த அடெலினோ;
எடுத்த கல்லுக்கெல்லாம் சுவரில்
சாக்கட்டிக் கோடு போடும் நுர்ஹயாத்;
என்ன செடி வைப்பதென்று
இன்னும் சண்டை போடும் மாரிட்டும்
அவளுடைய முன்னாள் கணவனும்.

கல்லுக்கடியில் சாம்பல் மணல்.
செல்லாத கில்டர் நாணயம் ஒன்று.
வெளிச்சம் பட்டுச் சுருண்ட மண்புழு.
இத்தனை வருஷம் என்னத்தைத் தின்றாய் நீ?

"இதனால் கடல் நின்றுவிடுமா?"
சைக்கிளில் போனவன் கேட்டான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
காபி வந்தது. ஆறியிருந்தது.

ஹார்மென் மட்டும் இறங்கி வரவில்லை.
கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியவர்.
அவர் கார் நிற்கும் இடத்தில்தான்
முதல் குழி.
சன்னல் திரை விலகுவதும் மூடுவதுமாக இருந்தது.

கோடுகள் இருநூற்றுப் பதினொன்றில் நின்றன.
யாருக்கும் முதுகு நிமிரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெய்தது,
நள்ளிரவில், கொட்டோ கொட்டென்று.
போர்வையோடு வாசலுக்கு ஓடினேன்.
எதிரே டார்ச் வெளிச்சம்.
ரப்பர் பூட்ஸில் ஹார்மென்,
புது மண்மேல் குனிந்து
தண்ணீர் இறங்குவதையே பார்த்தபடி.

"இந்த ஓரம் தேங்குது" என்றார்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
"இன்னும் ரெண்டு கல் எடுக்கணும்."

கார் விவகாரம்
அடுத்த கூட்டத்திலும் வரும்.