பத்துக் கிலோ பொன்னி

பின்னிரவு மூன்றே காலுக்குக் கூடத்தில் ஏதோ வெடித்தது.
யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று நான் எழுவதற்குள்
ஹேமவதி விளக்கைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள்,
கையில் துணி காயப்போடும் மூங்கில்.
யாருமில்லை.
சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே
இரண்டு டைல்கள் மட்டும்
நெற்றியோடு நெற்றி முட்டி நிமிர்ந்திருந்தன,
சண்டைக்கு நிற்கும் கிடாக்கள் மாதிரி.

விடிந்ததும் அவற்றின் மேல்
பத்துக் கிலோ பொன்னி மூட்டையைத் தூக்கி வைத்தேன்.
சரியாயிடுச்சு என்றேன்.
"சரியாகல. உட்கார்ந்திருக்கு" என்றாள்.

ஷவர் எட்டு மாதமாகச் சொட்டுகிறது.
அதன் கழுத்தில் ராஃபியா கயிறு கட்டியிருந்தேன்.
சொட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஓசையில்லாமல் இறங்கும்.
ஓசை நின்றால் ஒழுக்கும் நின்றதாக
எனக்கு ஒரு கணக்கு.
சிவப்பு வாளி நிறைய நான்கு மணி நேரம்.
அந்தத் தண்ணீரில் தரை துடைத்தோம்,
பண்டான் செடிக்கு ஊற்றினோம்,
சிக்கனம் என்றுகூடப் பெயர் வைத்தோம்.
வாளிக்குத் தப்பியது எங்கே போகிறதென்று
நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாடி மக்சிக் நோரைனி சொன்னார்.
மின்தூக்கியில், என் காய்கறிப் பையைப் பார்த்தபடி,
தவறு தன்னுடையது போல:
"தம்பி, என் கழிவறைக் கூரையில் ஒரு வரைபடம் வந்திருக்கு.
முதல்ல தீவு மாதிரி இருந்துச்சு.
இப்ப ஜொகூரையும் சேர்த்துக்கிச்சு."

போய்ப் பார்த்தேன். மஞ்சள் கரை, நடுவே கறுப்பு.
நேர் கீழே ஒரு பேசின்,
பேசினுக்குள் மடித்த பழைய துண்டு,
சத்தம் கேட்கக்கூடாதென்று.
அவரும் ஒரு கயிறு கட்டியிருந்தார்.
எவ்வளவு நாளாக என்றேன்.
"நோன்புக்கு முன்னாலிருந்து."
தேநீர் கொடுத்தார். சூடு ஆறுவதற்குள் குடித்து எழுந்தேன்.

கூலாயிலிருந்து மோட்டார்சைக்கிளில் லியோங் வந்தார்.
அரிசி மூட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
"சில வீட்டில் மீன்தொட்டியே வைப்பாங்க."
ஷவரை அரை மணியில் கழற்றிப் போட்டார்.
பிறகு முழந்தாளிட்டு,
ஐம்பது காசால் தரையெங்கும் தட்டிக்கொண்டே நகர்ந்தார்.
டக். டக். டக். டொக்.
டொக் கேட்ட இடத்தில் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.
சாப்பாட்டு மேசைக்கடியில் ஐந்து.
சாமி அலமாரி முன்னால் இரண்டு.
நான் நாற்காலி போட்டுச் செய்தி பார்க்கும் இடம் முழுக்க.
பதினோரு வருடம் நடந்த வீடு
இவ்வளவு பொள்ளல் என்று
புக்கிட் பாத்தோக் முழுக்க நடந்த என் கால்கள் சொல்லவில்லை.

"இவ்வளவும் உடைஞ்சதா?" என்றாள் ஹேமவதி.
"இல்லை. இவ்வளவும் இன்னும் உடையாதது."

மின்தூக்கியருகே சத்தத்துக்கு மன்னிக்கச் சொல்லி
நான்கு மொழியில் தாள் ஒட்டினேன்.
தமிழில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை,
மறுநாள் யாரோ பேனாவால் திருத்தியிருந்தார்கள்.
மூன்று நாள் நீச்சல் வளாகத்தில் குளித்தோம்.
பெயர்த்த டைல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன்.
அடியில் சிமெண்ட் அப்படியே இருந்தது,
டைல் முதுகின் கோடுகள் வரி வரியாகப் பதிந்து.
ஒட்டியிருந்ததற்கான அடையாளம் எல்லாம் இருந்தது.
ஒட்டல் மட்டும் இல்லை.

மக்சிக் தன் பங்குக் கூலியை உறையில் கொண்டுவந்தார்,
சில்லறை வரை எண்ணி.
முழுதும் நானே கட்டுகிறேன் என்றேன்.
"அப்புறம் உங்க முகத்தை எப்படி மின்தூக்கியில் பார்ப்பேன்?"
வாங்கிக்கொண்டேன்.

மூட்டையைப் பிரித்தால், வண்டு.
புது டைல்களின் மேல் நாளிதழ் விரித்து
ஹேமவதி பத்துக் கிலோவையும் பரப்பினாள்.
வண்டுகள் ஒவ்வொன்றாகச் செய்திகளைக் கடந்து
சுவர் ஓரம் போயின.

நான் இன்னும் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறேன்.
அவள் நேராக நடக்கிறாள்.