இருநூற்றைம்பது ஓம்

யாரோ பாவித்து விற்ற சிவப்புப் பெட்டி.
எசெனிலிருந்து வந்த அந்த மாணவன்
வயரைச் சுற்றிக் கையில் தந்தபடி சொன்னான்:
ஹெட்போன் இருநூற்றைம்பது ஓம்,
இந்தப் பெட்டிக்கு அது கொஞ்சம் பாரம்.

எங்கள் பேச்சில் ஓம் என்றால் ஆமாம்.
அத்தனை ஆமாம் போடுகிற ஒன்று
ஏன் இவ்வளவு மெதுவாய்ப் பேசுகிறது?
குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறேன்.

ஃபோவிங்கெலில் இரண்டாம் மாடி.
ஜன்னல் உயரத்திலேயே தொங்கு ரயில்,
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை.
உள்ளே நிற்பவர்கள் என் மைக்கைப் பார்க்கிறார்கள்.
அவர்கள் போகட்டும் என்று
பல்லவி நடுவில் வாயை மூடிக்கொண்டு நான்.
கீழ்வீட்டு போல்மன் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி,
அதனால் ஸ்பீக்கர் கிடையாது.
எல்லாம் காதுக்குள்.

இதில் ஓர் அநியாயம் உண்டு.
எனக்கு எட்டு வயலின், தபேலா,
தூறல் போல ஒரு கீபோர்டு.
வீட்டுக்கு வெறும் நான்.
வெங்காயம் நறுக்கும் சுபோதினிக்கு
தாளமில்லை, சுருதியில்லை,
திடீரென்று "ஆ" என்று ஒரு மனுசன்,
பதினாறு மாத்திரை மௌனம்,
மறுபடி "ஆ".
"பல்லுவலிக்காரன் மாதிரி" என்று மிதுஷா
ஜெர்மனில் சொல்லிச் சிரித்தாள்.
ஜெர்மனில் சொன்னால் எனக்கு உறைக்காது என்று நினைப்பு.

முதல் மாதம் என் குரல் பிந்தி வந்தது.
"நீ" என்பேன்.
கம்ப்யூட்டருக்குள் போய் யோசித்துவிட்டு
"நீ" என்று திரும்பி வரும்.
மோசமான லைனில் என்னோடு நானே பேசுவது போல,
இரண்டு பேரும் ஒன்றாய்த் தொடங்கி
இரண்டு பேரும் ஒன்றாய் நிறுத்தி.
பிறகுதான் முன்பக்கத்துக் குமிழைக் கவனித்தேன்:
ஒரு முனையில் இப்போது பாடுவது,
மறுமுனையில் ஏற்கெனவே பதிந்தது.
இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும் இடத்தில்
ஒரு பொட்டு வைத்திருக்கிறேன், நெயில்பாலிஷால்.
சுபோதினியுடையது. கேட்காமல் எடுத்தது.

எனக்கு வேலை இரவில்,
ஸோலிங்கனில் கத்தரிக்கோல் தீட்டுகிற இடம்.
பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம்.

போன வியாழன் ஹெட்போனை மாட்டினேன்.
இறுக்கியது.
தலைப்பட்டை இரண்டு கிளிக் சுருங்கியிருந்தது.
இந்த வீட்டில் பெரிய தலை என்னுடையதுதான்.
திரையில் நான் பதியாத ஒரு ட்ராக்,
பதினேழாம் நம்பர், காலை பதினொன்று பத்து.

போட்டேன்.
மைக் முழு உச்சத்தில். ஒரே சீறல்.
ஃபிரிட்ஜ் உறுமித் தணிகிறது.
வளையல் மேசையில் படுகிறது.
"ஒண்டு, ரெண்டு" என்கிறாள்.
பாடப்போகிறாள் என்று காத்திருந்தேன்.
பாடவில்லை.
நாலு நிமிடத்துக்குப் பேச்சே இல்லை.
ரயில் ஒன்று வந்து, கடந்து, தேய்ந்து போக
அடியில் இன்னொரு சத்தம், சுவருக்கப்பால்,
ஏறி இறங்குகிற மூச்சு.
நாய் என்று நினைத்தேன்.
எங்களிடம் நாய் இல்லை.

அதைத்தான் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
குமிழ் திருகிய கரகரப்பும் பதிந்திருக்கிறது.

மூன்று நிமிடம் நாற்பதில்
நான் தூக்கத்தில் எதையோ கேட்கிறேன்.
கேள்வி என்பது மட்டும் நிச்சயம்,
கடைசி எழுத்து மேலே ஏறுகிறது.
பத்துத் தடவை ஓட்டினேன்,
இரைச்சலை வெட்டினேன், மெதுவாக்கினேன்,
சொல் பிடிபடவில்லை.
அப்புறம், மைக்குக்கு மிகக் கிட்ட,
உதடு பிரிகிற சத்தம்.
"ஓம்" என்கிறாள்.

வேலைக்குக் கிளம்ப இன்னும் அரை மணி.
சரணம் பாக்கி.
பட்டையை இழுத்துப் பெரிதாக்கவில்லை.
காது நசுங்க நின்றேன், ரயில் போகட்டும் என்று.
ஹெட்போனின் விளிம்பு வழியே
சமையலறையில் கத்தி நிற்பது தெரிந்தது.
"ஆ" என்றேன்.