பீரோவில் இருந்த குளிர்

சுனாமிக்குப் பிறகு வந்த கம்பளிச் சட்டைகள்
இன்னும் பாடகர் குழு பீரோவில்தான் இருந்தன.
எண்ணி வைத்தவன் நான், சபைப் பொருளாளன்.
நாற்பத்தாறு. அதில் ஒன்று எலி கடித்தது.

பொறையாறு தபாலாபீசிலிருந்து
மாட்டு வண்டியில் அவை வந்து இறங்கும்போது
பங்குனி பாதி போய்விட்டது.
போன வலைக்கு வலை கேட்டிருந்தோம்,
உப்பேறிய வயலுக்கு ஜிப்சம் கேட்டிருந்தோம்.
வந்ததோ மான் படம் போட்ட ஸ்வெட்டர்.
சிரித்தோம், வேறென்ன செய்ய.
வேதமாணிக்கம் ஒன்றை மோட்டார் பம்புக்குப் போர்த்தினார்.
இன்னொன்று நாற்றங்காலில் கை விரித்து நின்று
ஒரு போகம் முழுக்கக் கொக்கு விரட்டியது.
மற்றதை மடித்து, அந்துருண்டை போட்டுப் பூட்டினோம்.
அனுப்பியவர் மனசைக் குப்பையில் எறிய
யாருக்கும் கை வரவில்லை.

போன மாதம்
ஒரு மலைநாட்டில் பூமி அசைந்தது.
அதன் பெயரை எங்கள் ஐயர்
ஜெபத்துக்கு ஜெபம் வேறு மாதிரி உச்சரித்தார்.
டிவியில் பனி.
பனிக்கு நடுவே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
எங்கள் கோயில் நாற்காலி மாதிரியே.
அதில் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு.
காலில் செருப்பு இல்லை.

ஆராதனை முடியுமுன் தபித்தாள் டீச்சர் எழுந்தாள்:
"பீரோச் சாவி யாருகிட்ட இருக்கு?"

கல்லறைத் தோட்டத்து மதில் நெடுக
அன்றைக்கு வெயிலில் காய்ந்தன
ஆளில்லாத தொண்ணூற்றிரண்டு கைகள்.
பெண்கள் சங்கம் உதறியது, தும்மியது,
பித்தான் போனதற்குப் பித்தான் தைத்தது.
எலி கடித்த இடத்தில் சுகிர்தம்
பச்சை நூலில் ஓர் இலை போட்டாள்.
ஜமாலுதீன் கடையில் அட்டைப்பெட்டி இனாம்,
நாடாவும் அவரே சுற்றித் தந்தார்.

அப்புறம் தலைமை அலுவலகக் கடிதம்:
பொருட்கள் வேண்டாம். பணம் மட்டும்.
கூரியர்காரன் எடை போட்டுச் சொன்ன தொகைக்கு
அங்கேயே புதிதாய் எழுபது வாங்கலாமாம்.
ஐயர் இரண்டு தரம் வாசித்தார்.
எனக்குக் கோபம் வந்தது.
கடிதம் நியாயமாக இருந்ததால்
இன்னும் கோபம்.
அன்றைக்கு நாங்களும்
இதைத்தானே எழுத நினைத்தோம்,
எழுதாமல் நன்றி என்று எழுதினோம்.

தை கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை.
பூசணி, வாழைத்தார், மரக்கால் புதுநெல்,
கால் கட்டின சேவல் ஒன்று.
அவற்றோடு ஏலத்துக்கு நாற்பத்தாறு ஸ்வெட்டர்.
தகரப் பந்தல் கொதிக்கிறது.
எபனேசர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு,
"மான் போட்டது, மான் போட்டது,
ஐம்பது ரூபாய் ஒருதரம்!"

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை.
வாசலில் கீரைக்கூடையோடு நின்ற செந்தாமரை,
எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை,
"இருநூறு" என்றாள்.
எதுக்கும்மா உனக்கு என்று எபனேசர் கேட்டுவிட்டார்.
"மூணு நாளு எம்புள்ளயோட
இந்தக் கோயில் தரையில படுத்திருந்தேன்.
அப்ப எதுக்குன்னு யாரும் கேக்கல."

அதற்கப்புறம் விலை ஏறியது.
வேதமாணிக்கம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க
அதே சட்டை மறுபடி ஏலம், மறுபடியும்.
அந்த மான் மூன்று முறை விற்றது.
சேவலை யாரும் கவனிக்கவில்லை,
அது கட்டை அவிழ்த்துக்கொண்டு
வாய்க்கால் பக்கம் போய்விட்டது.

இலை போட்டதை நான் நானூறுக்கு எடுத்தேன்.
வீட்டுக்கு வந்து பையில் கைவிட்டால்
ஒரு பேருந்துச் சீட்டு.
படிக்கத் தெரியாத எழுத்து, பாதி அழிந்தது.
யாரோ எங்கேயோ ஏறி இறங்கி
வீட்டுக்குப் போய், கழற்றி, எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மொத்தம் முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.
ரசீது போட்டாயிற்று.
இது இந்த வருஷ வரவா
சுனாமி வருஷத்து வரவா என்றுதான் தெரியவில்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டு
அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
வேர்த்து ஊற்றியது.
என்ன கூத்து இது என்றாள் மனைவி.
கணக்கு நேராகுதா பாக்கிறேன் என்றேன்.