கேட்டுட்டு எடு

மூணரை மணிக்கே வந்து குந்திடுவேன்.
காசிமேட்டுல அந்நேரத்துக்கு
கடலு தெரியாது, போட்டு தெரியாது.
குண்டு லைட்டு அடியில
அருவாமனையும் என் ரெண்டு கையுந்தான் தெரியும்.
வஞ்சிரம் வெட்டுனா கிலோவுக்கு இவ்ளோ,
எறா உரிச்சா இவ்ளோ.
மூஞ்சிக்கு நான் ரேட்டு எதுவும் போடல.

ஞாயித்துக்கெழம ஏழு பேரு வந்தாங்க.
கூட ஒரு கைடு, நம்ம பையன்தான், கொடுங்கையூரு.
செவப்புக் குடை ஒண்ணத் தூக்கிப் புடிச்சிகினு
மந்தையாட்டம் இஸ்துகினு வரான்.
ஒருத்தன் காயப்போட்ட வலை மேல
ஷூவோட நிக்கறான்.
ஒருத்தி மூக்குல கர்ச்சீப்.
பொத்திக்க, தப்பில்ல, நாத்தம் நாத்தந்தான்,
எம்மவளே பொத்துவா.
பொத்திகினே சிரிக்காத, அவ்ளோதான்.

நெட்டையா ஒருத்தன்
எனக்கு ஒரு மொழம் தள்ளி முட்டி போட்டான்.
அத்தாம்பெரிய லென்ஸு.
கன்னத்துல செதில் ஒட்டிகினு கீது,
பொடவைய முட்டிக்கு மேல சொருவிகினு கீறேன்.
"கேட்டுட்டு எடு"ன்னேன்.
கத்தல. மீன கீழ வெச்சிட்டுத்தான் சொன்னேன்.
கைடு இங்கிலீஷ்ல இன்னாமோ சொன்னான்.
அந்தாளு நெஞ்சுல கை வெச்சு, தலை குனிஞ்சு,
இன்னும் நாலு எடுத்தான்.

"இன்னாடா சொன்ன?"
"அக்கா உங்கள சந்தோஷமா வரவேக்குதுன்னேன்."

என் தம்பி பிரகாசம் வளைகுடால கீறான்.
போறதுக்கு முன்ன மண்ணடி ஏஜெண்டு
மூணு பக்கம் பேப்பர் குடுத்தான்.
பொம்பளைங்களப் பாக்காத.
போன நிமித்திப் புடிக்காத.
ரோட்டுல துப்பாத, கும்பலா நிக்காத,
சத்தமா சிரிக்காத.
படுத்துகினே ஒப்பிச்சான்,
பத்தாவது பரீட்சைக்குக்கூட
அப்பிடிப் படிச்சதில்ல அவன்.
அந்த பாஷைல மூணு வார்த்தை மனப்பாடம்:
வணக்கம், நன்றி, மன்னிச்சிக்கோ.
மூணாவதுதான் ஜாஸ்தி செலவாவுதாம்.

இந்த ஏழு பேருக்கு
எந்த ஏஜெண்டு
எத்தினி பக்கம் குடுத்தான்?

நியாயம் பேசறதுன்னா
இத்தயும் சொல்லிடணும்.
போன மே மாசம் எங்க கோயில்ல
ஊட்டிக்கு பஸ்ஸு வுட்டாங்க.
தேயில பறிக்கிற பொம்பளைங்களப் பாத்ததும்
"நிறுத்து நிறுத்து"ன்னு மொதல்ல கூவுனது நாந்தான்.
செடிக்கு நடுவால நசுக்கிகினு போயி
ஒருத்தி தோள்ல கை போட்டு செல்ஃபி.
கேக்கல.
அவளும் தமிழுதான் பேசறா,
ஒரு வார்த்தை போதும், கேக்கல.
அவ வையல. சிரிக்கல.
கழுத்த மட்டும் கொஞ்சம் திருப்பிகினா.
என் போனுல இன்னும் கீது அது:
என் பல்லு அத்தினியும்,
அவ காது, ஒரு பித்தளக் கம்மல்.
எட்டு மாசமா அத்த
நல்ல போட்டோன்னு நெனச்சிகினு இருந்தேன்.

நேத்து ஒருத்தி தனியா வந்தா.
நுங்கம்பாக்கத்துல வேலையாம்,
வந்து ஒரு வருசம் ஆச்சாம்.
கேமராவத் தொட்டுக் காட்டி "எடுக்கலாமா?"ன்னா.
"லாமா"வ இழுத்துக் கஷ்டப்பட்டுத்தான் சொன்னா.
நான் வேணான்னேன்.
சும்மா. சொல்லிப் பாக்கணும்னு தோணுச்சு.

ஏன்னு கேக்கல.
துட்டு நீட்டல.
கேமராவப் பைக்குள்ள வெச்சு ஜிப்ப இழுத்தா.
மீன் வாங்க நின்ன பொம்பளைங்களுக்குக் கடைசியா போயி நின்னா.
முன்னால இருக்கறவ குடுத்த அதே ரேட்டக் குடுத்து
அரைக் கிலோ சங்கரா வாங்கினு
எங்கிட்ட வெட்ட வந்தா.

தலை வேணுமா வேணாமா?
என் கழுத்துல விரல வெச்சுக் காட்டுனேன்.
பயந்துட்டு அப்பறம் சிரிச்சா.
வேணுமாம்.

கறுப்புக் கவர்ல போட்டுக் குடுத்தேன்.
பையத் தொறந்தா எடமில்ல.
கொஞ்ச நேரம் யோசன பண்ணா.
கேமராவ எடுத்துக் கழுத்துல மாட்டிகினு
மீன உள்ள வெச்சா.

நடந்து போவ சொல்ல
அவ வயித்து மேல அது ஆடிகினே போச்சு,
கண்ணுல மூடி போட்டுகினு.