எல்லாவற்றையும் ஏற்கிறேன்

திருப்பூரில் ஓர் அறை, வாடகைக்கு.
அவ்வளவுதான் தட்டினேன்,
இரவு பதினொன்றே காலுக்கு,
தலையணைக்கு அடியில் வெளிச்சத்தை ஒளித்துக்கொண்டு.

விடிந்ததும் மீன்குழம்பு வீடியோவுக்கு நடுவே
திருப்பூர் வந்தது.
ஜெபத்துக்கு நடுவே வந்தது.
மகளின் கணக்குப் பாடத்துக்கு மேலே
ஒற்றைக் கட்டில், தனிக் குளியலறை,
பெண்களுக்கு மட்டும்,
பனியன் கம்பெனிக்கு நடக்கிற தூரம்.

"யாரும்மா திருப்பூருக்குப் போறது?" என்றாள் டெல்பினா.
விளம்பரம் பிள்ள, எல்லாருக்கும் வரும்.
"எல்லாருக்கும் வராது. தேடுனவங்களுக்குத்தான் வரும்.
குக்கீன்னு ஒண்ணு இருக்கு."
பிஸ்கட்டா?
"பிஸ்கட்டுதான். ஆனா அதுக்கு ஞாபகம் இருக்கும்."

பாம்பனில் எனக்கு இது புதிதில்லை.
கூட ரெண்டு முட்டை வாங்கினால்
யாரு வந்திருக்கா என்பார் கடைக்காரர்.
உண்மை சொல்லலாம், பொய் சொல்லலாம்,
உங்க மகன் எப்ப ஊருக்கு வர்றாரு என்று
திருப்பியும் கேட்கலாம்.
இதற்கு முகமில்லை.
கேட்காமல் எடுத்தது என்றும் சொல்ல முடியாது.
கேட்டது:
பச்சையில், பெரிதாக, எல்லாவற்றையும் ஏற்கிறேன்.
அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில்
கொசு உட்கார்ந்த மாதிரி, மறுக்கிறேன்.
செதில் ஒட்டிய கட்டைவிரல்
எதன்மேல் போய் விழும்?

அன்றிரவே அழித்தேன்.
எல்லாவற்றையுமா என்றது.
எல்லாவற்றையும்.
நிச்சயமாகவா என்றது.
பக்கத்தில் சந்தியாகுவின் குறட்டை நின்று,
பிறகு தொடர்ந்தது.

அவருக்குப் பொத்தான் போன்.
காற்றை நான்தான் பார்த்துச் சொல்லணும்.
மூன்று மணிக்குத் திறந்தேன்.
மணிக்கு எட்டு கிலோமீட்டர், தெளிந்த வானம்.
போயிட்டு வாங்க என்றேன்.

பாம்பனை அது மறந்திருந்தது.
நான் யாரென்று தெரியாததால்
சென்னையின் காற்றை எடுத்து நீட்டியிருக்கிறது.
மூலையில் சின்ன எழுத்தில் சென்னை என்று
போட்டும் இருந்தது.

ஏழு மணிக்குக் கச்சான் எழும்பியது.
பாலத்துக்கு முன்னால் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.
படகில் ஒரு பெட்டி உண்டு, மீன்துறை கொடுத்தது,
நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும்.
கோடு தாண்டுகிற நாளில் அணைத்துவிடுவார்கள்.
அணைத்தால் ரோந்துக்குத் தெரியாது.
அதிகாரிக்குத் தெரியாது.
எனக்கும்தான்.
அலுவலகப் பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்.
நீலம். வெறும் நீலம்.
"பெட்டி ஆஃப்ல இருக்குக்கா" என்றான்,
கடையில் சீனி இல்லை என்பதுபோல.

நாலரைக்குக் குந்துகாலில் ஒதுங்கினார்கள்.
வலை போயிற்று. அவருக்கு முன்பல் ஒன்று போயிற்று.
"பெட்டிய அணைச்சா வச்சிருந்தீக?"
"ஆமா. நீ காத்தப் பாத்தியா?"
"பாத்தேன்."
அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.
கஞ்சியில் உப்பு இல்லை.
அதையும் யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பக்கம் மறுபடி கேட்கிறது,
உன் இடம் தெரியலாமா என்று.
எப்போதும்.
பயன்படுத்தும்போது மட்டும்.
வேண்டாம்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில்
என்னிடம் யாரும் இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை.

நடுவிலிருந்ததை அழுத்தினேன்.
பாம்பன் என்றது உடனே.
காற்று முப்பத்தெட்டு, கடலுக்குப் போக வேண்டாம்.
அழித்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்திருந்ததோ,
அதற்குக் கீழே
அறை இன்னும் காலி.
வாடகையில் முந்நூறு குறைத்திருக்கிறார்கள்.